நீ வைத்திருந்த சொக்லேட் கடை

மச்சாள்,

இன்றைக்குத் தில்லையடியில் ஒரு சின்னக் கடைக்குள் போய் நின்றேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாசனை வந்துவிட்டது. வறுத்த கஜுவும் உருகிய கொக்கோவும் சேர்ந்த வாசனை. உன் கடையை மூடிய பிறகும் நம் வீட்டு முன்னறையில் அது கொஞ்சக் காலம் தங்கியிருந்தது. பிறகு சுவருக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்து, போன் திருத்துகிற ஒருவருக்கு அறையை வாடகைக்குக் கொடுத்தோம். அதோடு அதுவும் போய்விட்டது. இனி எனக்கு அது கிடைக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் தேடிப் போகவில்லை. மாதம் ஒரு தடவை புத்தளம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறேன். சீனி வருத்தமும் பிரஷரும். அங்கே வாங்கில் எனக்குப் பக்கத்தில் வழக்கமாக உட்காருகிறவர் நசீமா, தில்லையடிக்காரி. இன்றைக்கு மருந்து எடுத்து முடிந்ததும், "டீச்சர், கற்பிட்டி பஸ்ஸுக்கு இன்னம் நேரம் ஈக்கிது. வீட்ட வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் வீட்டின் முன்பக்கம் கண்ணாடிப் பெட்டி வைத்த கடை. பெட்டிக்குப் பின்னால் தலையை மூடிய ஒரு சின்னப் பெண். நசீமாவின் மருமகள்.

"போன்ல பாத்துப் பாத்துத்தான் படிச்சா. முதல்ல எல்லாம் கல்லுதான். இப்ப கலியாண வீட்டுக்கெல்லாம் கேட்டு வாறாங்க" என்றார் நசீமா.

அந்தப் பெண் ஒரு தட்டில் மூன்று துண்டுகள் வைத்து நீட்டினாள். எனக்குச் சீனி வருத்தம் என்றேன். இது கசப்புத்தான் டீச்சர், ஒண்டு பாருங்க, என்றாள். வாயில் போட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி ஈக்கிது?"

"நல்லா இருக்கு மகள்."

நீ நின்றிருந்தால் இந்தப் பதிலோடு என்னைப் போக விட்டிருக்க மாட்டாய். "நல்லா இருக்கு எண்டது பதில் இல்ல மச்சாள். அது மரியாதை" என்று சொல்லியிருப்பாய். பஸ்ஸில் யன்னல் பக்கம் உட்கார்ந்து பாலாவி உப்பளங்களைத் தாண்டி வரும்போது வழி நெடுக உன்னோடுதான் கதைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் அது நிற்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ என் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு இருபது வயதுகூட இல்லை. சிலாபத்துப் பக்கத்துப் பெண். தமிழைக் கதைத்துக்கொண்டு போகும்போதே சிங்களத்துக்குத் தாவி, திரும்பவும் தமிழுக்கு வந்துவிடுவாய். நான் கலியாணம் கட்டாதவள், பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிறவள், உன்னை விட மூத்தவள். நீ என்னோடு ஒத்துப்போக மாட்டாய் என்று ஊர் நினைத்தது. நாம் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே பாயில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்தோம். சண்டை வந்தது இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, போனது.

உன் மகள் ஜெனிட்டாவுக்கு நாலு வயது ஆனபோது நீ வெளிநாடு போனாய். அது நாட்டில் சண்டை நடந்த காலம். தம்பி கடலுக்கு இறங்க நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டும். ஒரு நாள் விடுவான், மூன்று நாள் விட மாட்டான். உன் ஊரில் பாதிப் பேர் இத்தாலியில் இருந்தார்கள். ரோமாபுரிக்குத் திருயாத்திரை போகிற கூட்டத்தோடு நீ போனாய். கூட்டம் திரும்பி வந்தது, நீ வரவில்லை. அப்படித்தான் திட்டம். கொஞ்சக் காலம் என்று சொன்னாய். அங்கே தங்குவதற்கு உன்னிடம் கடதாசி எதுவும் இல்லாததால், வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. ஒரு நாள் சரிவரும், ஒரு நாள் சரிவரும் என்று காத்திருந்ததில் பிள்ளையின் பற்கள் விழுந்து முளைத்தன.

உனக்குப் பதிலாகப் பார்சல்கள் வந்தன. கப்பலில் வருகிற பெரிய அட்டைப் பெட்டிகள். சவர்க்காரம், ஷம்பூ, குளிர்ச் சட்டைகள், நடுவில் சொக்லேட். கப்பலின் வெக்கையில் உருகி, திரும்ப இறுகி, மேலே வெள்ளை படிந்திருக்கும். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று நான் முதலில் எறியப் பார்த்தேன். ஜெனிட்டா விடவில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்துத் தின்றாள், ஒழுங்கையில் இருந்த பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். "எங்கட அம்மா அனுப்பினது" என்று சொல்லிச் சொல்லித்தான் கொடுப்பாள். அந்த நாட்களில் அவளிடம் உன்னைப் பற்றி இருந்தது அந்த ஒரு வசனம்தான்.

கோவிலில் அவள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு நீ வெள்ளைச் சட்டை அனுப்பினாய். லேஸ் வைத்து, கையில் முத்துத் தைத்த விலை உயர்ந்த சட்டை. பெட்டியைப் பிரித்து, அவளுக்குப் போட்டுப் பார்த்தேன். கைகள் உள்ளே போகவில்லை. நீ விட்டுப்போன பிள்ளையின் அளவைக் கொஞ்சம் கூட்டி வாங்கியிருந்தாய். அவள் அதைவிட எவ்வளவோ வளர்ந்துவிட்டாள். தையல் டீச்சரான எனக்கே அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. பிரிப்பதற்குத் தையலில் துணி இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று, "நான் எவ்வளவு எண்டு அம்மாவுக்குத் தெரியாது, என்ன மாமி?" என்று கேட்டாள். அழவில்லை. நான் பழைய சேலை ஒன்றில் வேறு சட்டை தைத்துக் கொடுத்தேன். அன்றைக்குப் பெட்டியில் வந்த சொக்லேட்டை அவள் தொடவில்லை. அதற்குப் பிறகு வந்ததையும் தொடவில்லை.

இதை நான் அப்போது உனக்குச் சொல்லவில்லை. சட்டை வடிவாக இருந்தது என்று போனில் சொன்னேன். அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒருத்திக்கு அதைச் சொல்லி என்ன பயன்?

பிறகு தம்பி. கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான், எழும்பவில்லை. நீ வர முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாரோ, "பொஞ்சாதி வரல்லயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சவப்பெட்டி மூடுவதற்கு முன் போனை அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை, போனை வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பிறகு அதே போனை ஜெனிட்டாவிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டாள். நீ "மகள், மகள்" என்று கூப்பிடுவது எனக்கும் அவளுக்கும் நடுவில் கேட்டுக்கொண்டே இருந்தது.

சண்டை முடிந்து, கொஞ்சக் காலத்தில் உனக்கும் அங்கே கடதாசி சரிவந்தது. நீ திரும்பி வந்தாய். விமான நிலையத்தில் உன்னை முதலில் கண்டது நான்தான். முடியைக் கட்டையாக வெட்டி, ஜீன்ஸ் போட்டு, மெலிந்திருந்தாய். எனக்குப் பக்கத்தில் என்னை விட உயரமாக நின்ற பெண்ணை நீ ஒரு தடவை பார்த்தாய், பார்வை அவளைத் தாண்டிப் பின்னால் போனது. உன் கண் வேறு யாரையோ தேடியது. "இவதான்" என்றேன். உன் முகத்தை அப்போது நான் பார்த்தேன், மச்சாள். அதற்குப் பிறகு அந்த முகத்தைப் பற்றி நாம் ஒருநாளும் கதைக்கவில்லை.

அவள் உன்னோடு மரியாதையாக இருந்தாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "நீங்க சாப்பிட்டீங்களா", "நீங்க இதில இருங்க". வந்த ஆளுக்குக் கொடுக்கிற மரியாதை. அம்மா என்று கூப்பிட மாட்டாள். கூப்பிட வேண்டி வந்தால் கிட்ட வந்து நின்று, நீ திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள். இரவில் தூங்கப் போகும்போது என் அறைக்கு வருவாள். நீ உன் அறைக் கதவைத் திறந்தே வைத்திருப்பாய்.

திரும்பப் போகப் போவதில்லை, இங்கேயே ஒரு கடை போடப் போகிறேன் என்று ஒரு நாள் காலையில் சொன்னாய். என்ன கடை என்று கேட்டேன். "சொக்லேட் கடை" என்றாய். அப்போதுதான் புதுநன்மைக் கதையைச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு வேற ஒண்டும் தெரியாது மச்சாள்" என்றாய். அங்கே நீ பார்த்துக்கொண்ட கிழவியின் வீட்டுக்குக் கீழே ஒரு சொக்லேட் கடை இருந்ததாம். மத்தியானம் கிழவி தூங்கும் நேரத்தில் இறங்கிப் போய்ச் சட்டி கழுவி, கழுவப் போன இடத்தில் கிளறப் படித்து, கடைசியில் கையில் தொழில் ஆகிவிட்டது.

முன்னறையை நீ மாற்றிய வேகம் ஊருக்கே வேடிக்கையாக இருந்தது. ஏசி பூட்டினாய். சொக்லேட்டை ஊற்றித் தேய்க்க சலவைக்கல் வேண்டும் என்று சிலாபத்தில் கல்லறைக் கல் வெட்டுகிறவரிடம் போய் ஒரு பலகை வாங்கி வந்தாய். கல்லறைக் கல்லில் தின்கிற சாமான் செய்கிறாள் என்று பெண்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். நீ அந்தக் கல்லில் உருகிய சொக்லேட்டை ஊற்றி, மேசன் சாந்து பூசுவது போலத் தட்டைக் கரண்டியால் இழுத்து, வழித்து, திரும்ப இழுப்பாய். "இத அவசரப்படுத்தினா வெள்ளை படியும். அது பழுது இல்ல மச்சாள். உருகினது தன்ட பாட்டுல இறுகிட்டுது, அவ்வளவுதான்" என்றாய். அன்றைக்குத்தான் நான் எறியப் பார்த்த பார்சல்களின் கதை எனக்கு விளங்கியது.

மாத்தளையிலிருந்து கொக்கோ, வண்ணாத்திவில்லிலிருந்து கஜு, புத்தளத்து உப்பு. உப்புப் போட்ட சொக்லேட் என்றால் இங்கே சிரித்தார்கள். வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. டொல்பின் பார்க்க வருகிறவர்களும், களப்பில் காற்றுப் பட்டம் பிடித்துத் தண்ணீரில் ஓடுகிறவர்களும் ஒருவர் சொல்லி ஒருவராக ஒழுங்கைக்குள் தேடி வந்தார்கள். ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு உடைந்த துண்டுகளை நீ தனியாக ஒரு போத்தலில் போட்டு வைத்திருந்தாய். பள்ளிக்கூடம் விட்டதும் கடை நிறைந்துவிடும். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், உன் பிள்ளை மட்டும் வரவில்லை. அவள் பக்கக் கதவால் வீட்டுக்குள் வந்து, பக்கக் கதவால் போனாள்.

ஒரு நாள் இத்தாலிக்காரர் ஒரு குடும்பம் வந்தது. நீ அவர்களின் பாசையில் கதைக்கத் தொடங்கினாய். கையை ஆட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, உரக்கச் சிரித்துக் கதைத்தாய். நானும் ஜெனிட்டாவும் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மாமி, இவ இப்பிடிச் சிரிப்பாவா?"

"எனக்கும் தெரியாது மகள்."

"என்ன சொல்லிச் சிரிக்கிறா?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. பின்னேரம் உன்னிடம் கேட்டேன். அந்தக் கிழவியைப் பற்றிச் சொன்னேன் என்றாய். கிழவிக்கு மறதி வருத்தம். உன்னைச் செத்துப்போன தன் மகள் என்று நினைத்து, அந்த மகளின் பெயரால்தான் கூப்பிடுவாளாம். முதலில் திருத்திப் பார்த்தாயாம், பிறகு அந்தப் பெயருக்கே "வாறன்" என்று சொல்லப் பழகிவிட்டாயாம். அதைச் சொல்லித்தான் சிரித்தீர்களாம். சொல்லிவிட்டு, "அங்க ஒருத்திக்கு மகளா இருந்து சம்பளம் எடுத்தன். இஞ்ச என்ட மகளுக்கு என்னவா இருக்கிறது எண்டு தெரியல்ல" என்றாய். எனக்கும் அந்த வீட்டில் அதே கேள்வி இருந்தது. நீ வந்த பிறகு நான் அவளுக்கு யார்? ஆனால் அதை உன்னிடம் எப்படிக் கேட்பது.

அவள் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய அன்றைக்கு நீ விடிய எழும்பி, ஒரு தட்டு நிறையச் செய்து, அவள் மேசையில் வைத்தாய். அவள் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குச் சொக்லேட் பிடிக்கும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? போனில நன்றி சொன்னதெல்லாம் மாமி சொல்லித் தந்தது."

சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நீ தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாய். நான் பின்னால் வந்தேன். நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினாய். "கோவப்பட்டிட்டா. நல்லம். இவ்வளவு நாளும் அதுகூட இல்லாமத்தானே இருந்தது" என்றாய்.

அதற்குச் சில வருசம் கழித்து உனக்கு வருத்தம் வந்தது. மார்பில் கட்டியை நீ எவ்வளவு காலம் மறைத்து வைத்திருந்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள். முடி போனது பற்றி நீ ஒரு சொல் சொல்லவில்லை. வாய்தான் உன்னைக் கொன்றது. எதைத் தின்றாலும் தகரத்தை நக்கியது போல இருக்கிறது என்றாய். கடையில் கிளறிய சொக்லேட்டை நாக்கில் வைத்துவிட்டு அப்படியே நிற்பாய். இனிப்பா, கசப்பா, கருகியதா, ஒன்றும் தெரியவில்லை. என்னைக் கேட்டாய். எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரே பதில்தான்.

மூன்றாம் தடவை மருந்து ஏற்றி வந்த கிழமை அது. நீ கடைக்குள் கதிரையில் உட்கார்ந்திருந்தாய். பக்கக் கதவால் போய்க்கொண்டிருந்த ஜெனிட்டாவைக் கூப்பிட்டாய். அவள் கடை வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை.

"ஒரு உதவி. எனக்கு நாக்கு வேலை செய்யுதில்ல. நீ ருசி பாத்துச் சொல்லுறியா? பிடிக்க வேணும் எண்டு இல்ல. துப்பினாலும் பரவாயில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே சட்டியைக் கழுவத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"கசக்குது."

"என்ன மாதிரிக் கசப்பு? கோப்பி மாதிரியா, பாவக்காய் மாதிரியா?"

"ரெண்டும் இல்ல. கருகின பாண் மாதிரி."

"அப்ப கஜு கூடுதலா வறுபட்டிட்டு. உப்பு எப்ப தெரியுது, முதல்லயா கடைசியிலயா?"

"கடைசியில. முழுங்கின பிறகு."

"அது சரி. அப்பிடித்தான் வர வேணும்."

அப்படித் தொடங்கியது. அவள் வேலை முடிந்து பின்னேரங்களில் வருவாள். நீ கேட்பாய், அவள் சொல்வாள். நான் பக்கத்தில் இருந்து கஜு உடைப்பேன். அந்த மாதங்களில் அவள் உன்னோடு கதைத்த அளவு அதற்கு முந்திய ஏழு எட்டு வருசத்தில் கதைத்ததில்லை. எல்லாம் ருசியைப் பற்றிய கதைதான். ஆனால் ருசிக்கு உவமானம் தேடப்போய் அவள் சின்ன வயசுக்குப் போய்விடுவாள். "அப்பாட சேட்டில வாற உப்பு மணம் மாதிரி" என்பாள். "காய்ச்சல் வந்தா மாமி தாற கொத்தமல்லித் தண்ணி மாதிரி" என்பாள். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாய். நீ பார்க்காத வருசங்களை அவள் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

அம்மா என்று மட்டும் வரவில்லை. ஒரு தடவை மகரகமையில் நீ வாந்தி எடுத்தபோது அவள் ஓடிப்போய் நர்சிடம், "மிஸ், அம்மாவுக்கு ஏலாது, வந்து பாருங்க" என்றாளாம். அன்று இரவு நீ என்னிடம் சொன்னாய்: "எனக்கு இல்ல, நர்சுக்குத்தான் சொன்னா. ஆனா எனக்குக் கேட்டுது மச்சாள்."

கடைசியாகக் கடையில் செய்த சொக்லேட் முழுக்க அவள் கையால் செய்தது. நீ கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்ல அவள் கல்லில் இழுத்தாள். ஒரு துண்டை உடைத்து உன் வாயில் வைத்தாள். நீ நெடுநேரம் வாயில் வைத்திருந்து, "நல்லா இருக்கு" என்றாய். அவள் உன்னைப் பார்த்தாள். நீ சொல்லித் தந்த பிள்ளைக்கு அந்தப் பதிலின் பொருள் தெரியாதா? உன் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தில் நீ போனாய். பீடத்தில் பூ வைக்காத நாட்கள். உன்னைத் தம்பிக்குப் பக்கத்தில் வைக்க இடம் கிடைக்கவில்லை, கொஞ்சம் தள்ளித்தான் வைத்தோம். மணல் குழி என்பதால் வெட்ட வெட்டச் சரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை, நல்லது. ஜெனிட்டா இருந்த வேலையை விட்டுவிட்டுக் கடையைத் திறந்தாள். அவளுக்குக் கை வந்தது. அடுத்த வருசம் உயிர்த்த ஞாயிறன்று வேதக் கோவில்களில் குண்டு வெடித்தது. ஒரு கிழமைக்குள் வெள்ளைக்காரர் எல்லாரும் போய்விட்டார்கள். ஒழுங்கைக்குப் பிள்ளைகளை அனுப்பவே தாய்மார் பயந்தார்கள். பிறகு நோய் வந்து ஊரைப் பூட்டினார்கள். திறந்தபோது கொக்கோ இல்லை, பால்மா இல்லை, பிறகு கரண்டும் இல்லை. ஒரு மத்தியானம் ஏசி நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வழிந்தது. அவள் அதை வழித்து ஒரு சட்டிக்குள் போட்டாள். திரும்ப இறுக வைக்கலாம் மகள் என்றேன். "தெரியும் மாமி. ஆருக்கு?" என்றாள்.

உன் பழைய இத்தாலிச் சிநேகிதி ஒருத்தி மூலம் அவளுக்கு விசா வந்தது. நீ போன அதே நாட்டுக்கு, நீ செய்த அதே வேலைக்கு. வயது போன ஒரு மனிதரைப் பார்த்துக்கொள்ள. அவளை நான் தடுக்கவில்லை. இங்கே அவளுக்கு என்ன இருந்தது? நான் இருந்தேன். அது போதாது என்று எனக்கே தெரியும்.

இனி நான் எழுதப்போவது நீ அறியாதது. விமான நிலையத்தில் பெட்டி தள்ளுகிற வண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். உள்ளே போக வேண்டிய நேரம். திடீரென்று என் கையைப் பிடித்து, "மாமி, இனி உங்கள அம்மா எண்டு கூப்பிடட்டா?" என்று கேட்டாள்.

எனக்குப் பிள்ளை இல்லை, உனக்குத் தெரியும். அவளுக்கு ஐந்து வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்து, அனத்தலில் என்னை அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள். அந்த இரண்டு நாளும் நான் திருத்தவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு, "நான் மாமி. அம்மா வருவா" என்று திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சொல்லைக் கேட்கும் ஆசை எனக்கு எந்தக் காலத்திலும் விட்டதில்லை. அன்றைக்கு அவள் அதை எடுத்து என் கையில் வைத்தாள்.

"வேண்டாம் மகள். மாமி எண்டே கூப்பிடு" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று எனக்கு வடிவாகச் சொல்லத் தெரியவில்லை. நர்சுக்குச் சொன்ன ஒரு சொல்லை நீ காதில் வைத்துக்கொண்டு போனாயே, அதை நினைத்தேன். "அது அவட பேர்" என்று மட்டும் சொன்னேன். அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்தேன். எழும்ப நெடுநேரம் ஆனது.

நான் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்க வேண்டும் போல் இருக்கிறது. நீ என்ன சொல்வாய் என்றும் தெரிகிறது. "பைத்தியமா மச்சாள், கூப்பிடச் சொல்லியிருக்கலாமே" என்பாய். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் அவள் அங்கிருந்து எனக்குப் போன் எடுக்கிறாள். ஹலோ என்கிறாள். உடனே மாமி என்று சொல்வதில்லை. ஒரு மூச்சு விடுகிற அளவுக்குச் சத்தம் இல்லாமல் போகிறது, பிறகுதான் மாமி என்கிறாள். முதலில் லைன் பிழை என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு கிழமையும் அந்த இடத்தில் அவள் நிற்கிறாள். நானும் வாயைத் திறக்காமல் நிற்கிறேன், மச்சாள். அந்த இடம் உன்னுடையது.